பாப் டிலன் லைவ் ரெக்கார்டிங்கை ஒப்பிட்டுக் கேக்க ஆரம்பிக்கிறீங்களா? 1966-ல இருந்து தொடங்குங்க

நாலு மாசம் நான் ரெண்டு ஃபைலை மாத்தி மாத்திக் கேட்டுக்கிட்டு இருந்தேன். ஒண்ணு மேல "ராயல் ஆல்பர்ட் ஹால், லண்டன், 1966"னு எழுதியிருந்துச்சு, இன்னொண்ணு மேல "மான்செஸ்டர், மே 17, 1966". லண்டன்ல டிலன் குரல் பதட்டமா இருக்கு, பேண்டும் அவசரப்படுது, மான்செஸ்டர்ல எல்லாரும் நிதானமா வாசிக்கிறாங்கன்னு நோட்டுல ஒன்பது பக்கம் எழுதி வெச்சிருந்தேன். ரெண்டும் ஒரே கச்சேரி. ஒரு டேப் கொஞ்சம் வேகமா ஓடியிருக்கு, அவ்ளோதான். அந்த வேகமான ஃபைல்ல கடைசிப் பாட்டு வெட்டுப்பட்டுப் போயிருந்ததால எலெக்ட்ரிக்குக்கு மாறின டிலனைத் துரோகின்னு திட்டி ஒரு ரசிகர் கத்தின, மான்செஸ்டருக்கே அடையாளமான "யூதாஸ்!"ங்கிற அந்தக் கத்தல் அதுல இல்ல, எனக்கும் சந்தேகம் வரல. அன்னைக்கு யாராவது பக்கத்துல உக்காந்து இதை இதை முதல்ல பாருன்னு சொல்லியிருந்தா நாலு மாசம் மிச்சமாகியிருக்கும். அதனாலதான் இதை எழுதுறேன்.

டிலன் யாரு, ஃபோக் பாடிக்கிட்டு இருந்தவர் ஏன் எலெக்ட்ரிக் கிதாரைத் தூக்கினாருன்னு எல்லாம் இங்க சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும். ஒரே பாட்டை அவர் வெவ்வேற ராத்திரியில எப்படிப் பாடினாருன்னு ஏமாறாம கேக்குறது எப்படின்னு மட்டும்தான் சொல்றேன். இதுல மனசுல வெக்க வேண்டியது ஒண்ணே ஒண்ணு. நீங்க ஒப்பிடுறது பாட்டையா, டேப்பையா? இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாம ஒரு வரி கூட நோட்டுல எழுதாதீங்க.

1. ஒரே ஒரு டூரை எடுங்க, அது 1966-ஆ இருக்கட்டும்

புதுசா வர்றவங்க பண்ற முதல் தப்பு 1965-ல ஒண்ணு, 1975-ல ஒண்ணு, 1990-கள்ல ஒண்ணுன்னு எடுத்து வெச்சு எது பெஸ்டுன்னு கேக்குறது. பேண்ட் வேற, குரல் வேற, ஹால் வேற, மெஷின் வேற, எதை வெச்சு எதை ஒப்பிடுவீங்க? ஒப்பிடணும்னா ஒரு விஷயம் மட்டும் மாறணும், மிச்சமெல்லாம் அப்படியே நிக்கணும்.

1966 டூர் அதுக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு. இங்கிலாந்துப் பக்கம் வந்தப்போ ராத்திரிக்கு ராத்திரி கிட்டத்தட்ட அதே 15 பாட்டு, அதே வரிசை. முதல் பாதியில டிலன் தனியா கிதார், ஹார்மோனிகாவோட 7 பாட்டு. இடைவேளைக்கு அப்புறம் பேண்டோட 8 பாட்டு. பேண்டுல ராபி ராபர்ட்சன் கிதார், ரிக் டாங்கோ பேஸ், ரிச்சர்ட் மானுவல் பியானோ, கார்த் ஹட்சன் ஆர்கன், மிக்கி ஜோன்ஸ் டிரம்ஸ். இவங்களோட வழக்கமான டிரம்மர் லெவன் ஹெல்ம் 1965 நவம்பர்லயே விலகிட்டார், அதனால இந்த டூர்ல லெவன் வாசிப்பு பிரமாதம்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, நானே ஒரு தடவை அப்படிச் சொல்லித் திருத்தப்பட்டிருக்கேன்.

மே மாசத்து வரிசையைத் தனியா ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டி வெச்சுக்கோங்க, அடிக்கடி தேவைப்படும்: டப்ளின் 5, பெல்ஃபாஸ்ட் 6, பிரிஸ்டல் 10, கார்டிஃப் 11, பர்மிங்ஹாம் 12, லிவர்பூல் 14, லெஸ்டர் 15, ஷெஃபீல்டு 16, மான்செஸ்டர் 17, கிளாஸ்கோ 19, எடின்பரோ 20, நியூகாசில் 21, பாரிஸ் 24, லண்டன் 26, 27. பாரிஸ் நடந்த 24-ம் தேதி அவரோட 25-வது பிறந்தநாள்.

2. அஃபிஷியலா வந்ததை முதல்ல கேளுங்க, காசை அதுக்கப்புறம் யோசிங்க

எடுத்த எடுப்புல பழைய பூட்லெக், அதாவது அனுமதி இல்லாம வெளியான திருட்டுப் பதிவு, தேடி அலையாதீங்க. 1966-க்கு நல்ல அஃபிஷியல் ரிலீஸ் மூணு இருக்கு.

முதல்ல "பூட்லெக் சீரிஸ் வால்யூம் 4", 1998-ல வந்தது, ரெண்டு சிடி. இதுதான் மான்செஸ்டர் கச்சேரி. ஆனா அட்டையில "ராயல் ஆல்பர்ட் ஹால்"னு மேற்கோள் குறி போட்டு எழுதியிருப்பாங்க, ஏன்னா அதுக்கு முன்னாடி கிட்டத்தட்ட முப்பது வருஷம் இது அந்தத் தப்பான பேர்லயே திருட்டு எல்பியா சுத்திக்கிட்டு இருந்துச்சு. அந்த மேற்கோள் குறியைத்தான் நான் கவனிக்காம விட்டேன். நீங்க கவனிங்க.

ரெண்டாவது "தி ரியல் ராயல் ஆல்பர்ட் ஹால் 1966 கான்சர்ட்", 2016-ல வந்தது. இதுதான் நிஜமான லண்டன், மே 26.

மூணாவது "தி 1966 லைவ் ரெக்கார்டிங்ஸ்", 2016 நவம்பர் 11 ரிலீஸ், 36 சிடி கொண்ட பெட்டி. அந்த டூர்ல அவங்க கையில இருந்த ரெக்கார்டிங் எல்லாம் இதுல இருக்கு.

செலவு விஷயம். முதல் மாசம் பெட்டி வாங்காதீங்க. ஸ்ட்ரீமிங் சந்தா ஏற்கெனவே இருந்தா முதல் ரெண்டு ஆல்பத்துக்கும் தனியா செலவே இல்ல, பெட்டியும் அங்க கிடைக்குதான்னு தேடிப் பாத்துக்கோங்க. ஸ்ட்ரீமிங்ல கேக்கும்போது செட்டிங்ஸ்ல போய் சத்தத்தைத் தானா சமன் பண்ற ஆப்ஷன் எப்படி இருக்குன்னு பாத்து வெச்சுக்கோங்க, ஏன்னு 6-வது படியில சொல்றேன். ஹெட்ஃபோன் வயர் வெச்சதா இருக்கட்டும், ரெண்டாயிரம் மூவாயிரம் ரூபாய்க்குள்ள வர்றதே தாராளம். 1966 டேப்புல இருக்கிறதைக் கேக்க முப்பதாயிரம் ரூபா ஹெட்ஃபோன் தேவையே இல்ல.

பெட்டி வாங்கியே தீரணும்னா, வெளிநாட்டுல இருந்து வரவழைக்கிறப்போ சிடி விலையை மட்டும் பாக்காதீங்க. கூரியர் கட்டணம் தனி, கஸ்டம்ஸ் வரி தனி, கூரியர்காரங்க வரியைக் கட்டிட்டு அதுக்குன்னு ஒரு சேவைக் கட்டணமும் வாங்குவாங்க. ஆதார் மாதிரி ஒரு அடையாள அட்டை காப்பி கேப்பாங்க, அதை அனுப்பாம விட்டா பார்சல் அங்கேயே கிடக்கும். எனக்கு அப்படித்தான் கிடந்துச்சு, மெயில் ஸ்பேம்ல போய் விழுந்திருக்கு, நான் பாக்கல, பதினோரு நாள் போச்சு. ஆர்டர் போட்ட அன்னைக்கே அடையாள அட்டையை ஸ்கேன் பண்ணி ரெடியா வெச்சுக்கோங்க, ஸ்பேமையும் தினம் பாருங்க. பழைய செட்டு வாங்குறதா இருந்தா 36 சிடியும் உள்ள இருக்கான்னு தனித்தனியா ஃபோட்டோ கேளுங்க.

3. எங்க இருந்து பதிவாச்சுன்னு தெரிஞ்சுக்கோங்க

இதுல மூணு வகை இருக்கு, மூணையும் ஒரே தராசுல நிறுத்தக் கூடாது.

சவுண்ட்போர்டு: ஹாலோட மைக் மிக்சர்ல இருந்து நேரா டேப்புக்குப் போறது. 1966 டூர்ல சவுண்ட் பாத்தவர் ரிச்சர்ட் ஆல்டர்சன், அவர்தான் ஒரு நாக்ரா டேப் ரெக்கார்டர்ல மோனோவுல பதிவு பண்ணிக்கிட்டே வந்தார். பெட்டியில பெரும்பாலானது அவர் எடுத்ததுதான். சவுண்ட்போர்டுல குரல் மூஞ்சிக்கு நேரா நிக்கும், கிதாரும் டிரம்ஸும் பின்னாடி போயிடும். மேடையில ஆம்ப்பே காதைக் கிழிக்கிற மாதிரி சத்தம் போடும்போது அதை மிக்சர்ல பெருசா ஏத்த மாட்டாங்க, அதுதான் காரணம். இதைக் கேட்டுட்டு "அன்னைக்கு ராத்திரி பேண்டு அடக்கி வாசிச்சாங்க"ன்னு எழுதினீங்கன்னா தப்பு. ஹால்ல இருந்தவங்களுக்கு அப்படிக் கேட்டிருக்காது, எதிர்த்துக் கத்தினதுல ஒரு பாதி அந்தச் சத்தத்துக்காகத்தான்.

கம்பெனி ரெக்கார்டிங்: ஆல்பம் போடலாம்ங்கிற எண்ணத்துல ரெக்கார்ட் கம்பெனியே தனி மெஷின் கொண்டுவந்து பல டிராக்குல எடுத்தது. ஷெஃபீல்டு, மான்செஸ்டர், லண்டன் இப்படி வந்ததுதான். மான்செஸ்டர் மத்ததை விட பிரம்மாண்டமா தெரியுதுன்னு நிறையப் பேர் சொல்றதுல டிலனுக்கு எவ்ளோ பங்கு, இந்த மெஷினுக்கு எவ்ளோ பங்குன்னு ஒரு தடவை யோசிச்சுப் பாருங்க. எனக்கு மான்செஸ்டர் ரொம்பப் புடிக்கும், ஆனாலும் அதே அளவுக்கு நல்லா பதிவாகியிருந்தா லிவர்பூல் அதுக்கு மேல நின்னிருக்கும்னுதான் இன்னைக்கு வரைக்கும் நினைக்கிறேன்.

ஆடியன்ஸ் டேப்: யாரோ ரசிகர் சீட்டுல உக்காந்து எடுத்தது. எதிரொலி, பக்கத்து சீட்டுக்காரர் இருமல், எல்லாம் வரும். பெட்டியோட கடைசி 5 சிடி இந்த வகைதான், ஒயிட் பிளெயின்ஸ், பிட்ஸ்பர்க், ஹெம்ப்ஸ்டெட், மெல்பர்ன், ஸ்டாக்ஹோம். கேக்கக் கஷ்டமா இருக்கும், ஆனா கூட்டம் என்ன பண்ணிச்சுன்னு தெரிஞ்சுக்கணும்னா இந்த வகை டேப்பைத்தான் நம்பணும். சவுண்ட்போர்டுல கூட்டம் தூரத்துல எங்கேயோ முணுமுணுக்கும், அதைக் கேட்டுட்டு "இந்த ஊர்ல எதிர்ப்பே இல்ல"ன்னு முடிவு கட்டக் கூடாது.

4. ஃபைலோட வர்ற பேப்பரைப் படிங்க

சிடியா இருந்தா புக்லெட், ரசிகர்கள் பரிமாறிக்கிற ஃபைலா இருந்தா அதுகூட வர்ற டெக்ஸ்ட் ஃபைல். இது இல்லாத ரெக்கார்டிங்கைத் தொடாதீங்க, பத்திரம் இல்லாத நிலம் மாதிரி அது. அதுல பாக்க வேண்டியது: தேதி, ஊர், ஹால் பேரு. எந்த வகைப் பதிவு. டேப்புல இருந்து உங்க கைக்கு வர்ற வரைக்கும் எத்தனை காப்பி ஆயிருக்கு, இதைத்தான் லீனியேஜ்னு சொல்வாங்க. டேப்பை டேப்புக்கு காப்பி எடுக்குற ஒவ்வொரு தடவையும் இரைச்சல் ஏறும், மேல்ஸ்தாயி மங்கும். அப்புறம் யாராவது "சரி" பண்ணியிருக்காங்களான்னு பாருங்க, இரைச்சலை எடுத்தேன், பேஸை ஏத்தினேன்னு எழுதியிருந்தா அதை ஒப்பிட எடுக்காதீங்க. இரைச்சலை எடுக்குறப்போ ஹார்மோனிகாவோட மூச்சுக் காத்தும் சேர்ந்து போயிடும், டிலன் ஹார்மோனிகாவுல பாதி அந்தக் காத்துதான்.

ஃபைல் ஃப்ளாக்கா (தரம் குறையாம சுருக்குற ஃபைல் வகை) இருக்கணும், தரத்தைக் குறைச்சுச் சுருக்குற எம்பி3 வேண்டாம். எம்பி3-யை ஃப்ளாக்கா மாத்தி ஏமாத்துறவங்க உண்டு. எந்த அதிர்வெண்ல எவ்ளோ சத்தம் இருக்குன்னு ஸ்பெக்ட்ரோகிராம்னு ஒரு படமா காட்டுற இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல 16 கிலோஹெர்ட்ஸ் கிட்ட கத்தியால வெட்டின மாதிரி ஒரு கோடு தெரிஞ்சா சந்தேகப்படுங்க. ஆனா இங்கேயும் ஒரு பொறி. 1966 ஆடியன்ஸ் டேப்புல மேல ஒண்ணுமே இருக்காது, அது இயல்பு. நேர்கோடா வெட்டின மாதிரி இருந்தாதான் எம்பி3, மெதுவா மங்கிக்கிட்டே போனா அது பழைய டேப்பு. நான் இந்த வித்தியாசம் தெரியாம ஒரு நல்ல டேப்பைப் போலின்னு தூக்கிப் போட்டுட்டேன், அனுப்பின நண்பர் மேலயும் கோவப்பட்டேன், அப்புறம் மன்னிப்புக் கேட்டேன்.

எம்டி5னு ஒரு சின்ன ஃபைல் கூட வரும், அதை வெச்சு செக் பண்ணினா காப்பி ஆகும்போது ஏதாவது உடைஞ்சிருக்கான்னு தெரியும், ரெண்டு நிமிஷ வேலை. இடம் எவ்ளோ வேணும்னா, சிடி தரத்துல ஒரு நிமிஷத்துக்கு 10 எம்பி, ஃப்ளாக் அதுல ஏறக்குறைய பாதி. ஒரு முழுக் கச்சேரி ஒன்றரை மணி நேரம்னு வெச்சா அரை ஜிபி. பழைய ஹார்ட் டிஸ்க் ஒண்ணு போதும்.

5. ரெண்டும் வேற வேற கச்சேரிதானான்னு உறுதி பண்ணுங்க

நான் விழுந்த குழி இதுதான், அதனால விரிவாவே சொல்றேன்.

முதல்ல பாட்டோட நீளத்தை எழுதுங்க, நிமிஷம் செகண்ட் ரெண்டும். ஒரே கச்சேரியோட ரெண்டு காப்பியில வேகம் 3 சதவீதம் மாறினா 8 நிமிஷப் பாட்டு 14 செகண்ட் மாறும். அதாவது நீளம் வேறயா இருக்கிறதை மட்டும் வெச்சு வேற கச்சேரின்னு சொல்லிட முடியாது. ஆனா எல்லாப் பாட்டுமே ஒரே விகிதத்துல குறைஞ்சிருந்தா, அது டேப் வேகம்தான், பேண்டு இல்ல. எந்த பேண்டும் 8 பாட்டையும் கரெக்டா 3 சதவீதம் வேகமா வாசிக்காது.

அடுத்து சுருதி. 3 சதவீத வேகம்னா அரை சுரத்துல பாதி ஏறும், 6 சதவீதம்னா கிட்டத்தட்ட முழு அரை சுரம். ஃபோன்ல ட்யூனர் ஆப் போட்டு ஹார்மோனிகா வர்ற இடத்துல பிடிச்சுப் பாருங்க. கிதாரை ஏத்தி இறக்கி சுருதி சேக்கலாம், ஹார்மோனிகா அப்படி இல்ல, அதுக்குள்ள அதிர்ற உலோகத் தகடு, அதாவது ரீட், செஞ்ச அன்னைக்கே சுருதி முடிவாயிடுச்சு. அது ரெண்டு சுரத்துக்கு நடுவுல அந்தரத்துல நிக்குதுன்னா டேப் வேகம் தப்பு. ஆடாசிட்டின்னு இலவச சாஃப்ட்வேர்லயே வேகத்தை மாத்தலாம், வேகமும் சுருதியும் சேர்ந்து மாறுற ஆப்ஷனை எடுங்க, சுருதி மட்டும் மாறுறது இருக்கு, அது வேண்டாம். ஒரிஜினலை அழிக்காம காப்பியில பண்ணுங்க.

மூணாவது கைரேகை, அதாவது பாட்டுக்கு நடுவுல நடக்குறது. இருமல், கத்தல், சுருதி சேக்குற இடைவெளி, டிலன் பேசுறது. இது ரெண்டு ராத்திரி ஒரே மாதிரி நடக்கவே நடக்காது. மான்செஸ்டருக்கு ரெண்டு கைரேகை மனப்பாடமா வெச்சுக்கோங்க. "ஒன் டூ மெனி மார்னிங்ஸ்" ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கூட்டம் மெதுவா ஒரே தாளத்துல எரிச்சலோட கை தட்டும், டிலன் மைக்குல புரியாத மாதிரி ஏதோ முணுமுணுப்பார், என்ன சொல்றாருன்னு கேக்க எல்லாரும் அமைதி ஆவாங்க, கடைசி வார்த்தை மட்டும் தெளிவா விழும். அடுத்தது கடைசிப் பாட்டு "லைக் எ ரோலிங் ஸ்டோன்" முன்னாடி வர்ற அந்த யூதாஸ் கத்தல், உன்னை நான் நம்பல, நீ பொய்யன்னு டிலன் திருப்பிச் சொல்றது, அப்புறம் பேண்டு பக்கம் திரும்பி சத்தமா வாசிக்கச் சொல்றது. பாரிஸுக்கு முதல் பாதியில முடியாம நீளுற கிதார் சுருதி சேப்பு. லண்டனுக்கு வழக்கத்தை விட நிறையப் பேசுறது. இப்படி ஒவ்வொரு ஊருக்கும் நீங்களே ஒண்ணு ரெண்டு எழுதி வெச்சிட்டீங்கன்னா அப்புறம் எந்தப் பேரை ஒட்டிக் கொடுத்தாலும் ஏமாற மாட்டீங்க.

6. சத்தத்தைச் சமன் பண்ணாம கேக்காதீங்க

ரெண்டு ரெக்கார்டிங்ல எது கொஞ்சம் சத்தமா இருக்கோ அதுதான் நல்லா இருக்கிற மாதிரி தோணும், நம்ம காது அப்படித்தான். ஒண்ணு ரெண்டு டெசிபல் போதும், தீர்ப்பே மாறிடும். பிளேயர்ல ரீப்ளேகெயின்னு சத்தத்தைச் சமன் பண்ற வசதி இருந்தா ஆன் பண்ணுங்க, ஸ்ட்ரீமிங்ல சமன் பண்ற ஆப்ஷனை ஆன் பண்ணுங்க. அப்புறம் குரல் ஒரே அளவுல கேக்குதான்னு காதாலயும் ஒரு தடவை பாத்துக்கோங்க, ஏன்னா மெஷின் மொத்தச் சத்தத்தைத்தான் அளக்கும்.

7. எதைக் கேக்கணும்: மூணு பாட்டுல ஆரம்பிங்க

எலெக்ட்ரிக் பாதியில இருக்கிற 8 பாட்டுல மூணு முன்னாடி ஃபோக் பாட்டா, தனிக் கிதாரோட ஆல்பத்துல வந்தது. "பேபி, லெட் மி ஃபாலோ யூ டவுன்" 1962-ல முதல் ஆல்பத்துல, "ஒன் டூ மெனி மார்னிங்ஸ்" 1964-ல, "ஐ டோன்ட் பிலீவ் யூ" அதுவும் 1964-ல. ஃபோக் பாடகர் ராக்கரா மாறினாருன்னு சும்மா சொல்றதை விட்டுட்டு எப்படி மாறினாருன்னு காதால கேக்கணும்னா இந்த மூணுதான் வழி. முதல்ல பழைய ஆல்பம் வெர்ஷன் ரெண்டு தடவை, அப்புறம் மான்செஸ்டர் ரெண்டு தடவை, அதுக்கப்புறம்தான் மத்த ஊரு.

"ஐ டோன்ட் பிலீவ் யூ"வுக்கு முன்னாடி மான்செஸ்டர்ல டிலன் சொல்வார், முன்னாடி இது அப்படி இருந்துச்சு, இப்போ இப்படிப் போகுதுன்னு. இந்தப் பாட்டுல வரியோட கடைசி வார்த்தையை எவ்ளோ நேரம் இழுக்குறாருன்னு மட்டும் கவனிங்க. ஆல்பத்துல சிரிச்சுக்கிட்டே விட்டுட்டுப் போற வார்த்தையை இங்க பிடிச்சுத் தொங்குவார், ஊருக்கு ஊரு அந்த இழுவை மாறும். பெல்ஃபாஸ்ட் வெர்ஷன் 1985-லயே "பயோகிராஃப்" பெட்டியில அஃபிஷியலா வந்துடுச்சு, அதுவும் மான்செஸ்டரும் ஒப்பிட நல்ல ஜோடி.

"ஒன் டூ மெனி மார்னிங்ஸ்" என் மனசுக்கு ரொம்பக் கிட்டத்துல இருக்கிறது. 1964-ல அது விடியக்காலையில தெருவுல யாரும் இல்லாதப்போ தனக்குத்தானே பாடிக்கிற மாதிரி இருக்கும். 1966-ல ஒவ்வொரு பத்தி முடியும்போதும் ரிக் டாங்கோ மேல்குரல்ல வந்து கடைசி வார்த்தையில சேருவார், ஒரே ஒரு வார்த்தைதான், அது வர்றப்போ தனியா இருந்த ஆளுக்குப் பக்கத்துல இன்னொருத்தர் வந்து நின்ன மாதிரி இருக்கும். அவர் எப்போ சேர்றாரு, எவ்ளோ நீளம் பிடிக்கிறாரு, டிலனோட ஒண்ணா முடிக்கிறாங்களான்னு பத்து ஊருக்கு எழுதிப் பாருங்க. டூர் போகப் போக என்ன ஆகுதுன்னு நான் சொல்ல மாட்டேன், நீங்களே கேட்டுக் கண்டுபிடிக்கிறதுல இருக்கிற சந்தோஷத்தை எடுத்துட்ட மாதிரி ஆயிடும்.

மத்தப் பாட்டுல ரெண்டு குறிப்பு. "டெல் மி, மாமா" ஸ்டுடியோவுல பதிவே ஆகல, இந்த டூரோட சரி, அதனால "சரியான" வரி எதுன்னு தேடாதீங்க, ராத்திரிக்கு ராத்திரி வார்த்தை மாறும். "பேலட் ஆஃப் எ தின் மேன்"ல டிலனே பியானோவுல உக்காருவார், அங்க கார்த் ஹட்சன் ஆர்கன் குரலைச் சுத்திச் சுத்தி என்ன பண்ணுதுன்னு தனியா ஒரு தடவை கேளுங்க. "ஜஸ்ட் லைக் டாம் தம்ஸ் ப்ளூஸ்" லிவர்பூல் வெர்ஷன் 1966-லயே "ஐ வான்ட் யூ" சிங்கிளோட பின்பக்கம் வந்துச்சு, நான் லிவர்பூலைத் தூக்கிப் பேசுறதுக்கு அந்த ஒரு பாட்டே காரணம்.

முதல் பாதியை விட்டுடாதீங்க. எல்லாரும் எதிர்ப்புக் கத்தலுக்காக ரெண்டாவது பாதிக்கே ஓடுறாங்க. "விஷன்ஸ் ஆஃப் ஜோஹானா" பாடும்போது அந்தப் பாட்டு இருக்கிற ஆல்பம் இங்கிலாந்துல இன்னும் வரவே இல்ல, அந்த அமைதி புதுசா ஒண்ணைக் கேக்குறவங்களோட அமைதி. தனிக் கிதார்ங்கிறதால டேப் தரத்தோட வித்தியாசமும் இங்க அவ்வளவா இடிக்காது, புதுசா வர்றவங்களுக்கு ஒப்பிட இதுதான் ஈசி.

8. நோட்டு எப்படி எழுதணும், எவ்ளோ நேரம் ஆகும்

ஒரு பாட்டுக்கு ஒரு பக்கம். மேல தேதி, ஊரு, வகை, நீளம், வெட்டு இருக்கா. வெட்டு ரொம்ப முக்கியம், ரீல் தீந்துபோய் பாட்டு நடுவுல நிக்கிறது உண்டு, அதைக் குறிக்காம விட்டா டிலன் ஒரு பத்தியை விட்டுட்டாருன்னு பின்னாடி நீங்களே எழுதிடுவீங்க. கீழ ரெண்டு கட்டம் போடுங்க, ஒண்ணு பாட்டைப் பத்தி, ஒண்ணு டேப்பைப் பத்தி. "குரல் கரகரப்பா இருக்கு"ன்னு தோணினா எந்தக் கட்டத்துல போடணும்னு ஒரு நிமிஷம் நில்லுங்க, தொண்டையா, டேப்பா? தெரியலன்னா கேள்விக்குறி போட்டுட்டு நகருங்க. ஊர் பேரைப் பாக்காம கேக்குறது நல்லது, வீட்டுல யாரையாவது ஃபைல் பேரை 1, 2, 3-ன்னு மாத்தித் தரச் சொல்லுங்க. என் தங்கச்சிதான் எனக்கு மாத்திக் கொடுத்தா, அன்னைக்கு நான் மான்செஸ்டர்னு நினைச்சு மார்க் போட்டது ஷெஃபீல்டு.

நேரக் கணக்கு: 6 நிமிஷப் பாட்டு, பத்து ஊரு, ஒரு மணி நேரம். எழுதுறதோட சேர்த்து ரெண்டு மணி. ஒரு நாளைக்கு அதுக்கு மேல வேண்டாம், காது மரத்துப் போயிடும், எல்லாம் ஒண்ணாக் கேக்க ஆரம்பிக்கும். மூணு பாட்டுக்கு வாரம் ரெண்டு நாள்னு வெச்சா ஒரு மாசம் நிறைவாப் போகும்.

9. மத்த ரசிகர்கள்கிட்ட பழகும்போது

பல வருஷமா கேக்குறவங்க நிறைய உதவுவாங்க, தேதி தப்புன்னா உடனே திருத்துவாங்க, கோச்சுக்காதீங்க. எழுதப்படாத சட்டம் ரெண்டு உண்டு. டேப்பைக் காசுக்கு விக்கக் கூடாது, அஃபிஷியலா ரிலீஸ் ஆனதைக் காப்பி போட்டுத் தரக் கூடாது. பழைய டேப்பை யாராவது காசுக்கு விக்கிறேன்னு வந்தா வாங்காதீங்க, அதே கச்சேரி பெட்டியில இதை விட நல்லா இருக்க வாய்ப்பு அதிகம். எது பெஸ்டுன்னு கேக்காதீங்க, "கிளாஸ்கோவுல மூணாவது பத்தியில டாங்கோ சேர்றது எனக்குக் கேக்கல, உங்க காப்பியில கேக்குதா"ன்னு கேளுங்க, அப்படிக் கேட்டா எல்லாரும் பதில் சொல்வாங்க.

10. 1966 முடிஞ்சதும்

அடுத்து 1974-க்குப் போகலாம், அதே பேண்டு, இப்போ லெவன் ஹெல்ம் திரும்பி வந்து டிரம்ஸ்ல இருப்பார். 27 சிடி பெட்டி 2024-ல வந்துச்சு. ஆனா டிலன் அந்த டூர் முழுக்க ஓங்கிக் கத்தித்தான் பாடுவார், ராத்திரிக்கு ராத்திரி நுணுக்கமா வித்தியாசம் தேடுறவங்களுக்கு நான் அதை ரெண்டாவதா சொல்ல மாட்டேன்.

நான் சொல்றது 1975-ல அவர் போன ரோலிங் தண்டர்ங்கிற டூர். 14 சிடி பெட்டி, 2019-ல வந்தது, முழுக் கச்சேரி 5 இருக்கு: உஸ்டர் நவம்பர் 19, கேம்பிரிட்ஜ் 20, பாஸ்டன் 21, மான்ட்ரியல் டிசம்பர் 4. ஊரு நாலுதானே வருதுன்னு பாப்பீங்க, பாஸ்டன்ல அன்னைக்கு ரெண்டு ஷோ, மதியம் ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. அதே ஹால், அதே ஆளுங்க, பதிவும் ஒரே தரம், நடுவுல சில மணி நேரம் மட்டும்தான். "எ ஹார்ட் ரெயின்ஸ் எ-கானா ஃபால்" ஃபோக் காலத்துல தனிக் கிதாரோட பாடினது, இங்க முழு பேண்டோட துள்ளும், ஸ்கார்லெட் ரிவேரா வயலின் இருக்கும். மதியத்தை முதல்ல போடுங்க, நோட்டுல எழுதி முடிங்க, ராத்திரியை மறுநாள் கேளுங்க.